கத்திக்கும் உண்டு ஒரு பதம்

நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றைப் பலகையில் வையுங்கள். ஆறு மாதமாகச் சாணை காணாத கத்தியை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். தோல் குழியும், பழம் சப்பையாகும், சாறும் விதையும் பக்கவாட்டில் பீறிடும். தோல் கிழிவது கடைசியில்தான். இப்போது அதே கத்தியை அழுத்தாமல், ரம்பம் இழுப்பதுபோல மெல்ல முன்னும் பின்னும் இழுங்கள். அதே மழுங்கல் கத்தி அதே பழத்துக்குள் இறங்கிவிடுகிறது. கத்தி மாறவில்லை, கையின் பலமும் கூடவில்லை. என்னதான் மாறியது?

எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது ஒரு சின்னக் கத்தி வாங்கப் போனபோது. மாடித் தோட்டத்தில் காம்பு நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, வழியில் வாங்கிய கொய்யாவை நாலாக வகிர என்று எப்போதும் பையில் கிடக்க வேண்டிய கத்தி. பேனாக்கத்தி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மடக்கும் இடத்தில் மண்ணும் பழச்சாறும் சேர்ந்துவிடும். கொஞ்சம் பலமாக அழுத்தினால் மொத்தப் பளுவும் அந்த ஒற்றை ஆணியின்மேல் விழும். நான் தேடியது மடங்காக் கத்தி. அதில் அலகும், பிடிக்குள் ஓடும் அதன் வாலும் ஒரே இரும்பு. மடக்குவதற்குப் பதிலாக உறை இருக்கும்.

கடைக்காரர் ஐந்தாறு கத்திகளைப் பரப்பினார். அட்டைகளில் '1095', 'டி2', '12சி27', '58–60 எச்.ஆர்.சி.', '2.5 மி.மீ.' என்று ஏதேதோ எழுதியிருந்தது. "இதுல எதுண்ணே நல்லது?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எதுக்குங்க?" என்றார்.

அந்த எதிர்க்கேள்விக்குள் ஓர் உலோகவியல் பாடமே இருக்கிறது.

வெட்டு என்பது என்ன?

வெட்டுவது என்றால் ஒரு பொருளை மிகச் சிறிய இடத்தில் மிகப் பெரிய அழுத்தத்துக்கு ஆளாக்குவது. ஒரு கிலோ பாரத்தை விரல் நுனியால் தக்காளியின்மேல் செலுத்தினால், அந்த விசை ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டரில் பரவும். தோல் தாங்கிக்கொள்ளும். அதே ஒரு கிலோவைக் கத்தியின் வாய் வழியாகச் செலுத்துவோம். நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரான் அகலம், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருப்பதாகக் கொள்வோம். அது பழத்தை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தொட்டால், விரலைவிட 10,000 மடங்கு அழுத்தம் கிடைக்கும். வாய் மழுங்கி 50 மைக்ரான் ஆகிவிட்டால் அது வெறும் 200 மடங்காகச் சுருங்கும். கூர் என்று நாம் சொல்வது முதலில் இந்த அகலத்தைத்தான்.

அப்படியானால் மழுங்கிய கத்தியும் இழுத்தால் வெட்டுவது எப்படி? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எல். மகாதேவனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர்கள் வெட்டியது அகர் கூழை. நோன்பு நாட்களில் நம் ஊர்களில் துண்டு போட்டு வைக்கும் கடல்பாசி இனிப்பு இருக்கிறதே, அந்தக் கூழ்தான். கத்திக்குப் பதிலாக மெல்லிய கம்பியைப் பயன்படுத்தினார்கள். கம்பியை நேராகக் கீழே அழுத்தியபோது கூழ் ஆழமாகக் குழிந்த பிறகே பிளந்தது. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே அழுத்தியபோது, குறைந்த அழுத்தத்திலேயே பிளவு தொடங்கியது. 2012இல் அந்த ஆய்வு வெளியானது.

காரணம் இதுதான். நேராக அழுத்தும்போது பொருள் முழுவதும் நசுங்கி அந்த விசையைப் பங்கிட்டுக்கொள்கிறது. இழுக்கும்போதோ வாயை ஒட்டிய மேற்பரப்பு மட்டும் பக்கவாட்டில் இழுபட்டு விறைக்கிறது. விறைத்த துணியில் கத்தரி சுலபமாக ஓடுவதுபோல, விறைத்த தோல் சுலபமாகக் கிழிகிறது. காய்கறிக்காரர் கத்தியை எப்போதும் இழுத்தே வெட்டுவது இதனால்தான்.

மூவர் இருக்கையில் நாலாவது ஆள்

ஒரு மைக்ரான் அகல வாயைச் செய்துவிடலாம். அது வளையாமல் நிற்க வேண்டுமே. சுத்தமான இரும்பில் அப்படி ஒரு வாயைத் தீட்டினால் முதல் கயிற்றிலேயே மடிந்துவிடும். இரும்பின் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. விசை பட்டதும் ஒரு அடுக்கு இன்னொன்றின்மேல் வழுக்கிச் செல்லும். உலோகம் வளைவதும் மழுங்குவதும் இந்த வழுக்கலால்தான்.

வழுக்கலைத் தடுப்பது கார்பன். இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினால், தூய இரும்பானால் 912 பாகை செல்சியஸில், அதன் அணுக்கள் இடம் மாறி வேறு அமைப்புக்குப் போகின்றன. அந்தச் சூட்டு அமைப்பில் கார்பன் அணுக்கள் உட்கார இடம் தாராளம். மெல்ல ஆறவிட்டால் அணுக்கள் பழைய அமைப்புக்குத் திரும்பும்போது கார்பன் வெளியேறிவிடும். சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் வெளியேற நேரம் கிடைக்காது. டவுன் பஸ்ஸில் மூவர் இருக்கையில் நாலாவது ஆள் செருகி உட்கார்ந்தால் யாராலும் அசைய முடியாதல்லவா? இரும்பு அணுக்களின் நிலையும் அதுவே. அடுக்குகள் வழுக்க முடியாமல் இறுகிவிடுகின்றன. ஜெர்மன் உலோகவியலர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக இந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். இப்படிச் சட்டென்று முக்குவதற்குக் கொல்லர் பட்டறையில் பெயர் துவைச்சல்.

துவைச்சலோடு நிறுத்தினால் கத்தி அப்பளமாகிவிடும். கடினமாக இருக்கும், கீழே விழுந்தால் தெறிக்கும். அதனால் மறுபடி மிதமாகச் சூடுகாட்ட வேண்டும். 150 பாகைக்கு மேல் கொஞ்சம் கார்பன் இடம்விட்டு நகர்கிறது. நாலாவது ஆள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டதுபோல, மற்றவர்கள் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள். கடினம் சற்றுக் குறையும், உடையாமல் அடி தாங்கும் திறன் பல மடங்கு கூடும். இதைத்தான் பதப்படுத்துதல் என்கிறோம். பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல. அதிரசத்துக்கு ஒரு பதம், பொரி உருண்டைக்கு ஒரு பதம். கோடரிக்கு ஒரு பதம், சவரக் கத்திக்கு ஒரு பதம்.

வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லர்கள் பதத்தை எப்படி அறிந்தார்கள்? நிறத்தால். பளபளவென்று தேய்த்த எஃகைச் சூடாக்கினால் அதன்மேல் ஆக்சைடு படலம் ஒன்று வளர்கிறது. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதுபோல, படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறும். 220 பாகை அருகே வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, 300 பாகை அருகே நீலம்.

இந்த நீலத்தை நான் என் செலவில் கற்றேன். பழைய கத்தி ஒன்றைத் தெருவில் மோட்டார் சக்கரம் வைத்துச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். பொறி பறந்தது, பார்க்க அழகாக இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தபோது முனையில் அரை அங்குலம் மயில் கழுத்து நிறம். சவரக் கத்திபோல் வெட்டிய அந்த முனை, மூன்றாம் நாளே மழுங்கியது. மறுபடி தீட்டினாலும் அதே கதை. சக்கரத்தின் உராய்வு அந்த இடத்தை 300 பாகைக்குக் கொண்டுபோய்ப் பதத்தை இறக்கிவிட்டது. சூடேற விடாமல் அடிக்கடி தண்ணீரில் முக்கியிருந்தால் தப்பித்திருக்கும்.

அட்டையில் எழுதிய எண்

'58–60 எச்.ஆர்.சி.' என்பது கடினத்தின் அளவு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் 1914இல் இந்த அளவுகருவிக்குக் காப்புரிமை கேட்டார்கள், 1919இல் கிடைத்தது. கூம்பு வடிவ வைரமுனை ஒன்றை எஃகின்மேல் 10 கிலோ பாரத்தில் உட்காரவைப்பார்கள். பிறகு பாரத்தை 150 கிலோவாக்கி, கூடுதல் பாரத்தை எடுத்துவிட்டு, முனை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நூறிலிருந்து ஒவ்வொரு 2 மைக்ரான் ஆழத்துக்கும் ஒரு மதிப்பெண் கழியும். 60 மதிப்பெண் என்றால் பள்ளம் 0.08 மி.மீ.; 55 என்றால் 0.09 மி.மீ. வித்தியாசம் நூறில் ஒரு மில்லிமீட்டர்தான். கூரை வாரக்கணக்கில் காக்கும் கத்திக்கும், அடிக்கடி தீட்டக் கேட்கும் கத்திக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய அவ்வளவு தூரமே. நல்ல கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 62 வரை நிற்கும்.

எண் பெரியதாக இருந்தால் கத்தி சிறந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கடினத்தை மட்டும் சொல்கிறது. அடி தாங்குமா என்பதைச் சொல்வதில்லை. அதற்கு வேறு சோதனை உண்டு. கனமான ஊசல் ஒன்றை உயரத்திலிருந்து ஊஞ்சல்போல் விட்டு எஃகுத் துண்டை உடைப்பார்கள். உடைத்த பிறகு ஊசல் மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். குறைவாக ஏறினால், உடைவதற்குள் அந்த எஃகு அதிக ஆற்றலை வாங்கிக்கொண்டது என்று பொருள். பிரெஞ்சுப் பொறியாளர் சார்ப்பியின் பெயரில் வழங்கும் சோதனை இது. ஒரே எஃகில் கடினம் ஏற ஏற, இந்தத் தாங்குதிறன் பொதுவாக இறங்கும். ஒரு கையில் வாங்கினால் மறு கையில் கொடுக்க வேண்டும்.

கூர் எங்கே போகிறது?

எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. பின் சவர அலகு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்லூகா ரோஷோலி என்ற ஆய்வு மாணவர் தன் தாடியையே மழித்து, மழித்த அலகை ஒவ்வொரு முறையும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். 2020இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. வாய் சீராகத் தேய்ந்து உருளவில்லை. ஆங்காங்கே சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடி சாய்ந்து வளைந்து அலகின் பக்கத்தில் மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு இடத்துக்கு இடம் சீரற்று இருந்தால், அந்த எல்லையில் விரிசல் தொடங்குகிறது. எஃகு எவ்வளவு கடினம் என்பதோடு, எவ்வளவு சீரானது என்பதும் கூரைத் தீர்மானிக்கிறது.

கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை அளக்கவும் இயந்திரம் இருக்கிறது. கத்தித் தொழிலுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள காட்ரா ஆய்வு நிறுவனம் அதை நடத்துகிறது. மணல் கலந்த அட்டைக் கட்டைக் கத்தியின்மேல் ஒரே விசையில் அழுத்தி, கத்தியை 60 முறை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். முதல் சில ஓட்டங்களில் வெட்டிய ஆழம், கத்தி எவ்வளவு கூர் என்பதைச் சொல்லும். 60 ஓட்டங்களின் மொத்த ஆழம், கூர் எவ்வளவு நிலைக்கும் என்பதைச் சொல்லும். இரண்டும் வேறு வேறு குணங்கள். முதல் நாள் தாளை மிதக்கவிட்டு வெட்டும் கத்தி மூன்றாம் மாதமும் அப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மணல்போல் உராயும் பொருளைத் தாங்க, எஃகுக்குள் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள் உதவுகின்றன. சிமெண்ட் கலவையில் ஜல்லி மாதிரி. 'டி2' எஃகில் 1.5 விழுக்காடு கார்பன், 12 விழுக்காடு குரோமியம், ஜல்லி அதிகம். அட்டைப்பெட்டி கிழிக்க அது நன்று. ஆனால் ஜல்லி பெரிதானால் மெல்லிய வாயில் நிற்காது, பெயர்ந்து விழும். தீட்டவும் கல் திணறும்.

எவர்சில்வர் எப்படி வந்தது?

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் அரிப்பைத் தடுக்க ஓர் எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். சுமார் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கார்பனும் கலந்த எஃகை நுண்ணோக்கிக்காக அமிலத்தில் இட்டபோது அமிலம் அதைப் பிடிக்கவில்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூடத் தோற்றன. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தால் எஃகைப் போர்த்துகிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். சட்டியில் ஆறுகிற பாலின்மேல் ஆடையை எடுக்க எடுக்க மறுபடி படிவதுபோல. குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால்தான் இந்த ஆடை முழுதாகும்.

கத்தி செய்பவர்களோ அதை வெட்டாத கத்தி என்று கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருந்தது. பழைய கார்பன் எஃகுக் கத்திகளுக்குப் பழகிய கைகளுக்கு 0.24 விழுக்காடு கார்பன் போதவில்லை. கார்பனைக் கூட்டினால் இன்னொரு சிக்கல்: அது குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக்கிவிடும், ஆடைக்குக் குரோமியம் மிஞ்சாது. 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் 'டி2' துருப்பிடிப்பது இதனால்தான். ஸ்வீடனின் '12சி27' எஃகு நடுவழியில் போகிறது. 0.6 விழுக்காடு கார்பன், 13.5 விழுக்காடு குரோமியம். ஜல்லி நுண்ணியது, கல்லில் சீக்கிரம் கூராகும், மழைக்கும் பழச்சாற்றுக்கும் அஞ்சாது. '1095' அதற்கு நேர் எதிர். 0.95 விழுக்காடு கார்பன் உண்டு, குரோமியம் இல்லை. அருமையாகத் தீட்டலாம், எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தால் மறுநாள் கறுத்திருக்கும்.

உருவத்தின் கணக்கு

எஃகைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெட்டுவதில் உருவத்துக்குப் பங்கு அதைவிடக் குறைந்ததில்லை. தடித்த கத்தியால் கேரட்டை வெட்டுங்கள். பாதி வழியில் 'டக்' என்று பிளந்து துண்டு தெறிக்கும். வாய் தன் வேலையை முடிக்குமுன் அலகின் உடல் ஆப்புபோல் நுழைந்து பிளந்துவிட்டது. தடிமனை இருமடங்காக்கினால் வளையாத் தன்மை எட்டு மடங்காகிறது. வெட்டும்போது தடையும் கூடவே ஏறுகிறது. காம்பும் கயிறும் பழமும் வெட்டுகிற கத்திக்கு முதுகில் 2 முதல் 3 மி.மீ. போதும். 1891இல் தொடங்கிய ஸ்வீடனின் மோரா கத்திகளில் வேலையாட்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாதாரண வகை இந்த அளவில்தான் இருக்கிறது. அதன் வாய்ச்சரிவு அகலமானது. சரிவையே கல்லில் பட்டையாகப் படியவைத்துத் தீட்டலாம். கோணம் தேடித் தவிக்க வேண்டாம்.

மற்றக் கத்திகளுக்குப் பக்கத்துக்கு 20 பாகை நல்ல தொடக்கம். இரண்டு சென்டிமீட்டர் அகல அலகானால் முதுகைக் கல்லிலிருந்து ஏழு மில்லிமீட்டர் தூக்கினால் அந்தக் கோணம் கிடைக்கும். நாலைந்து ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம்.

நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர் போதும். பிடி நான்கு விரலுக்கும் இடம் தர வேண்டும். ஈரக் கையில் சுழலக் கூடாது. மடங்காக் கத்தியில் பாதிக் கத்தி உறைதான். தலைகீழாக உதறினாலும் கத்தி விழக் கூடாது, முனை உறையைத் துளைக்கக் கூடாது. தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் கார்பன் எஃகை நாள்கணக்கில் அதில் போட்டு வைக்காதீர்கள். உடன் எடுத்துப் போவதிலும் கணக்கு உண்டு. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால், வீட்டு வேலை, வேளாண்மை போன்றவற்றுக்கென்று செய்யப்பட்டதைத் தவிர, இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் அது ஆயுதம். சின்னக் கத்தியானாலும் விமானத்துக்குள் கைப்பையில் போகாது. கூட்டத்துக்குப் போகும் நாளில் அதை வீட்டில் வைப்பதே அழகு.

கடைசியில் நான் வாங்கியது அந்த வரிசையில் மலிவான இரண்டில் ஒன்று. 12சி27, இரண்டரை மில்லிமீட்டர், பிளாஸ்டிக் உறை. 'எதுக்குங்க' என்ற கேள்விக்குக் காம்பும் கயிறும் கொய்யாவும் என்பதுதான் என் பதில் என்பதால் அது சரியாக அமைந்தது. தினமும் அட்டைப்பெட்டி கிழிப்பவருக்கு டி2 பொருந்தும். துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவருக்கு 1095 பொருந்தும்.

உங்கள் வீட்டுக் கத்தி எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடலாம். விளக்கின் கீழ் வாயை மேல்நோக்கிப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மழுங்கிய இடம் ஒளியைத் திருப்பி வெள்ளிக் கோடாக மின்னும். கூரான வாய் ஒன்றும் காட்டாது. அவ்வளவு அகலம் அதற்கு இல்லை. மழுங்கிய கத்தி அதிக விசை கேட்கும், விசை கூடினால் வழுக்கும், வழுக்கினால் விரல். ஆகவே புதுக் கத்திக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதியைச் சாணைக்கல்லுக்கு வையுங்கள். விலை உயர்ந்த எஃகும் கல்லைப் பார்க்காவிட்டால் தக்காளியை நசுக்கத்தான் செய்யும்.